மஞ்சக்குப்பம் நேரடி ஒலிபரப்பு

மஞ்சக்குப்பம், கடலூர்
28-12-2010

மரியாதைக்குரிய மச்சான் அன்புமணி அவர்களுக்கு, தேவசகாயம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

இங்கு நானும் தங்கள் தங்கை மங்கலமும் ஆண்டவர் தயவில் நன்றாக இருக்கிறோம். அங்கு தாங்களும், என் தங்கை சௌந்தரமும், பிள்ளை செம்பியனும், மருமகள் ரேகாவும் சுகம் என்று நம்புகிறேன். தங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று மங்கலம் கேட்கச் சொன்னாள். நானாகக் கேட்கவில்லை.

மே மாதம் செம்பியன் கல்யாணத்தில், சபை முழுக்கக் கூடியிருந்த இடத்தில், தாங்கள் என்னைப் பற்றி மைக்கில் பேசிய பேச்சுக்குப் பிறகு, "இனிமே உன்கூட ஒரு வார்த்த பேசுனா நான் தேவசகாயம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் பந்தியில் உட்காராமல் பஸ் ஏறினேன். ஏழு மாதமாக அந்தச் சத்தியம் நிற்கிறது. போனில் பேசுவதும் பேச்சுதான். கடிதம் பேச்சில் சேராது என்று எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். 1972-லிருந்து நாம் இருவரும் சேர்ந்து வாங்கிய 214 பாட்டு ரெக்கார்டுகளும் பெட்டிகளோடு ஜனவரி முதல் ஜூன் வரை தங்கள் வீட்டிலும், ஜூலை முதல் டிசம்பர் வரை என் வீட்டிலும் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. முப்பத்தெட்டு வருடம் அது தவறியதில்லை. இந்த ஜனவரியில் தவறும். பெட்டிகள் வரமாட்டா.

ரோடு சரியில்லை. ரெக்கார்டுகளுக்கும் வயதாகிவிட்டது, பஸ்ஸில் குலுக்கக் கூடாது. ஆனால் தங்கள் பங்கைத் தராமல் விடுகிறவன் நான் இல்லை. என் மகள் பிரிசில்லா பொங்கல் லீவில் வந்து ஒரு ஏற்பாடு செய்யப்போகிறாள். இங்கே நான் ரெக்கார்டைப் போட்டால், அது அங்கே தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் பாடும். நேரடி ஒலிபரப்பு. தங்கள் பங்கு ஒலியாக வந்து சேரும்.

எல்லோருக்கும் புது வருட வாழ்த்து.

இப்படிக்கு,
தே. தேவசகாயம், உடற்கல்வி ஆசிரியர் (ஓய்வு)


சிதம்பரம்
4-1-2011

அன்புள்ள மச்சானுக்கு அன்புமணி எழுதுவது.

புது வருடத்தின் ஆசீர்வாதமெல்லாம் உன் வீட்டில் தங்கட்டும். எனக்குச் சர்க்கரை நூற்றெண்பது. நீயாகக் கேட்காவிட்டாலும் சொல்லிவிட்டேன்.

'தாங்கள்' என்று எழுதியிருக்கிறாய். யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்துவிட்டேனோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். என் தங்கையை நீயும் உன் தங்கையை நானும் ஒரே மேடையில் கட்டியவர்கள். தாலி மாறிவிடப் போகிறது என்று அன்றைக்கு ஐயர் பயந்தார். அப்படிப்பட்ட நமக்குள் எங்கிருந்து வந்தது இந்தத் 'தாங்கள்'?

கல்யாணத்தில் நடந்ததை நீயும் நேர்மையாக நினைத்துப் பார். குரூப் போட்டோவுக்கு உன் பேரைச் சொல்லி ஆறு தடவை கூப்பிட்டேன். பத்தடி தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். ஒரு தடவையாவது திரும்பினாயா? அப்புறம்தான் மைக்கை வாங்கி, "பொண்ணு மாப்பிள்ளைய விட எங்க மச்சானுக்குத்தான் பிகு ஜாஸ்தி. ஆரத்தி எடுத்துக் கூப்பிட்டாத்தான் வருவாரு போல" என்றேன். சனம் சிரித்தது. கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாத கர்வத்தைவிடவா அது பெரிய குற்றம்?

பெட்டி விஷயம் எனக்குச் சம்மதமில்லை. வருடா வருடம் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு நின்று நின்று போகிற பஸ்ஸில் வந்தவன் நான். செம்மங்குப்பத்துக் கெமிக்கல் கம்பெனி நாற்றத்தைத் தாண்டுகிறவரைக்கும் மூக்கைப் பொத்தக் கை இருக்காது, இரண்டு கையும் பெட்டிமேல் இருக்கும். அப்படி வராத சேதம் இந்த வருடம் மட்டும் ஏன் வரும்? என் பங்கை ஒலியாக அனுப்புகிறேன் என்கிறாய். பந்தியில் உட்காரவைத்துவிட்டு பிரியாணியின் வாசனையை மட்டும் பரிமாறுவது போல இருக்கிறது இது.

இருந்தாலும் பிரிசில்லா குழந்தை கஷ்டப்பட்டுச் செய்கிறாள் என்பதால், ஆட்சேபணையைப் பதிவு செய்துவிட்டுக் கேட்டுப்பார்க்கிறேன். சௌந்தரம் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். போனை எடு என்றும் சொல்லச் சொன்னாள்.

உன் மச்சான்,
அன்புமணி


மஞ்சக்குப்பம்
17-1-2011

மச்சான் அவர்களுக்கு தேவசகாயத்தின் ஸ்தோத்திரம். இங்கு அனைவரும் சுகம். மங்கலம் தங்களுக்கென்று பலாச்சுளை வற்றல் எடுத்து வைத்தாள். தங்கள் சர்க்கரை நூற்றெண்பது என்று தெரிந்ததும் அதை நான் சாப்பிட்டுவிட்டேன்.

ஏற்பாடு முடிந்தது. பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு ஒயர். அதிலிருந்து கம்ப்யூட்டரின் முதுகுக்கு ஒரு ஒயர். அங்கிருந்து பிராட்பேண்ட் லைனில் ஏறி உலகம் சுற்றித் தங்களிடம் வரும். பிரிசில்லா எழுதிக்கொடுத்த முகவரியைத் தனிச் சீட்டில் வைத்திருக்கிறேன். அதை ரேகா கம்ப்யூட்டரில் அடித்தால் போதும். தாங்கள் எதையும் தொட வேண்டாம். இந்த வீட்டிலேயே சமையலறையில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறாள், அதிலும் ஒயர் இல்லாமலே பாடுகிறது. ஆனால் ஹாலில் பல்லவி முடிந்த பிறகுதான் சமையலறையில் பல்லவி ஆரம்பிக்கிறது. சிதம்பரத்துக்கு அரை நிமிஷம் பிந்தி வருமாம்.

நேரம்தான் சிக்கல். இங்கே காலை எட்டிலிருந்து பத்து வரை கரண்ட் இல்லை. அங்கே பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை இல்லை என்று சௌந்தரம் மங்கலத்திடம் சொன்னாளாம். முப்பது வருடம் இ.பி.யில் இருந்த தாங்கள்தான் இதற்கு விளக்கம் சொல்ல வேண்டும். ஆகவே புதனும் சனியும் பத்தேகாலிலிருந்து பதினொன்றே முக்கால் வரை ஒலிபரப்பு. விசில் அடித்தால் டிரில் ஆரம்பிப்பது போல நேரத்துக்கு ஆரம்பிப்பேன். நேயர் விருப்பம் அஞ்சலட்டையில் மட்டும் ஏற்றுக்கொள்ளப்படும். முந்தின நாளே வந்து சேர வேண்டும். போன் செய்ய வேண்டாம்.

இப்படிக்கு,
தே. தேவசகாயம்


சிதம்பரம்
27-1-2011

அன்புள்ள மச்சானுக்கு, உன் நேயர் அன்புமணி எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் மட்டும் சுகமில்லை, உன் ஒலிபரப்பின் அதிர்ச்சியில் நேற்று கீழே விழுந்துவிட்டது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் நாகஸ்வரம் ஆரம்பித்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால் நீ முள்ளை வைக்கிற அந்த 'டொப்' சத்தம்கூடக் கேட்டது. சௌந்தரம், "எங்கண்ணன் வூட்டு ஹால்ல உக்காந்த மாதிரியே இருக்குது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இப்போது புகார். சத்தம் ஜாஸ்தி. ரேகாவின் ஸ்பீக்கர் மேஜைமேல் நடக்கிறது. அடுத்து, சனிக்கிழமை ஒரு அம்மாள் பாடிய சின்ன ரெக்கார்டைப் போட்டாயே, அது நாற்பத்தைந்து வேகத்தில் சுற்ற வேண்டியது. நீ முப்பத்துமூன்றில் விட்டிருக்கிறாய். "இன்னாங்க இது, அம்மாவுக்குப் பதிலா அவுங்க வூட்டுக்காரரு பாடுறாரு" என்று கேட்டாள் சௌந்தரம். அந்தப் பக்கம் முடிந்த பிறகும் நீ முள்ளை எடுக்கவில்லை. இருபது நிமிஷம் 'கிர்ர்... கிர்ர்...' என்று வெறும் தட்டு சுற்றியது. "கடலூர்க்காரரு காப்பி குடிக்கப் போயிட்டாரா?" என்றாள் ரேகா.

ரெக்கார்டுகளைக் காப்பாற்றத்தான் பெட்டியை அனுப்பவில்லை என்றாய். முள்ளைத் தேயவிடுவதுதான் காப்பாற்றுவதா? கவனமாகப் போடு, இல்லையென்றால் பெட்டியை அனுப்பிவிடு.

அன்புடன்,
அன்புமணி


மஞ்சக்குப்பம்
5-2-2011

மச்சான் அவர்களுக்கு ஸ்தோத்திரம். சுகம், சுகமறிய ஆவல்.

தங்கள் விமரிசனம் கிடைத்தது. வேகத்தைக் குறைத்தது வேண்டுமென்றே செய்தது. பதம் பதமாக ரசிக்க வேண்டிய பாட்டை ஓட்டப் பந்தயம் போலக் கேட்கக் கூடாது. பாட்டு முடிந்ததும் முள்ளை எடுக்காதது ஜெபம் முடிந்ததும் சற்று அமைதியாக இருப்பது போன்றது. தங்களுக்கு அது புரியாதது வியப்பில்லை. தாங்கள் ஆமென் சொல்வதற்கு முன்பே செருப்பைத் தேடுகிறவர்.

சத்தம் ஜாஸ்தி என்றால் ஸ்பீக்கரைக் குறைத்துக்கொள்ளவும். பெட்டிகள் வரமாட்டா.

தே. தேவசகாயம்


சிதம்பரம்
24-2-2011

மச்சானுக்கு அன்புமணி எழுதுவது. சுகம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை. மங்கலம் மட்டும் சுகமாக இருக்கட்டும்.

நேற்று புதன்கிழமை. என் விருப்பமான கிளாரினெட் ரெக்கார்டைப் போட்டாய், அதற்கு நன்றி. பத்தே முக்காலுக்கு முள் ஒரு கீறலில் சிக்கியது. அந்த நாலு சுரம், திரும்ப அதே நாலு சுரம். சரி, இதோ எழுந்து தட்டுவான் என்று இருந்தேன். பத்து நிமிஷம் போயிற்று. கிளாரினெட்காரருக்கு விக்கல் எடுத்துவிட்டது என்றாள் சௌந்தரம். உன் வீட்டுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பதினொரு தடவை போட்டேன். மங்கலம் பெண்கள் சங்கத்துக்குப் போயிருப்பாள் என்பது தெரியும். நீ வீட்டில்தான் இருந்தாய். நாற்பது நிமிஷம், மச்சான். நாற்பது நிமிஷம் அந்த நாலு சுரத்தை என் வீட்டில் ஓடவிட்டு, போனையும் எடுக்காமல் உட்கார்ந்திருந்தாய்.

இது தெரியாமல் நடந்தது என்று என்னை நம்பச் சொல்லாதே. பெட்டியைக் கேட்டதற்காக என்னைப் பழிவாங்குகிறாய். கல்யாணத்தில் முதுகைக் காட்டினாய், இப்போது கிளாரினெட்டைக் காட்டுகிறாய். இதற்கு மேல் பொறுக்கமாட்டேன். மார்ச் ஐந்தாம் தேதி செம்பியனுடைய நண்பன் வேனை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். ஒப்பந்தப்படி 214 ரெக்கார்டுகளையும் ஏற்றிக்கொண்டு வருவேன். நீ பேச வேண்டாம். கதவைத் திறந்தால் போதும்.

அன்புமணி


மஞ்சக்குப்பம்
28-2-2011

அண்ணனுக்கு மங்கலம் எழுதுவது.

நல்லா இருக்கிறாயா அண்ணா? அண்ணி முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் கடிதம் எழுதுவது இவருக்குத் தெரியாது. சர்ச்சில் காணிக்கை ரசீது எழுதுகிற பேனாவை வாங்கி, அங்கேயே உட்கார்ந்து எழுதுகிறேன். இதற்குப் பதில் போடாதே.

அவருக்குக் காது கேட்கவில்லை அண்ணா. இடது காது போய் இரண்டு வருடம் ஆகிறது. வலது காதும் பாதிதான். நவம்பர் மாதம் பிரிசில்லா பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினாள். மிச்சமிருப்பதும் போகப் போகக் குறையும், இப்போதே மிஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். இவர், "முப்பது வருஷம் விசில் ஊதி ஊரையே திரும்பிப் பாக்க வச்சவன் நானு. காதுல மிஷின மாட்டிக்கினு மார்க்கெட்டுக்குப் போறதா?" என்று எழுந்து வந்துவிட்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் சொன்னார். "பொட்டி ஜனவரில போச்சுன்னா ஜூலையிலதான் வரும் மங்கலம். அதுக்குள்ள இருக்குற காதும் போயிட்டா இன்னா பண்றது? எல்லாத்தையும் ஒரு தபா கேட்டு முடிச்சிடறேன்" என்றார். அதற்குத்தான் இந்த ஒலிபரப்பு. உன் பங்கை ஏமாற்ற அவருக்கு மனசு வரவில்லை, பெட்டியை விடவும் மனசு வரவில்லை.

ரெக்கார்டு ஓடும்போது ஸ்பீக்கர் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். கையில் அதிர்வு தெரிகிறதாம். அன்றைக்கு நான் சங்கத்திலிருந்து வந்து பார்த்தால் கிளாரினெட் அப்படிச் சிக்கிக் கிடக்கிறது, இவர் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் முள்ளை எடுத்தேன். "இன்னா அதுக்குள்ள முடிஞ்சிட்டுதா?" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் கொல்லையில் போய்ச் செய்துவிட்டு வந்தேன்.

கல்யாணத்தில் நீ ஆறு தடவை கூப்பிட்டது எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. மைக்கில் சொன்னது மட்டும் கேட்டுவிட்டது. சத்தியம் பண்ணினது அவருக்கு வசதியாகப் போயிற்று. போனில் பேசாததற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

வேனைக் கொண்டுவராதே. உனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்தால் ஒடிந்துபோவார்.

உன் தங்கை,
மங்கலம்


சிதம்பரம்
14-3-2011

அன்புள்ள மச்சானுக்கு அன்புமணி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் அலையாதே.

ஐந்தாம் தேதி வேன் கிடைக்கவில்லை. ஆறாம் தேதியும் கிடைக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் எந்தத் தேதியிலும் கிடைக்கும் என்று தோன்றவில்லை. தேர்தல் வேறு வருகிறது, வேனெல்லாம் கட்சிக்காரர்களிடம் போய்விட்டன. பெட்டி அங்கேயே இருக்கட்டும். நீ சொன்னது போல ரோடு சரியில்லை.

போன கடிதத்தில் அவசரப்பட்டு ஏதோ எழுதிவிட்டேன். கிளாரினெட்டில் அந்த நாலு சுரத்தை நிதானமாகக் கேட்டபோதுதான் அதற்குள் எவ்வளவு இருக்கிறது என்று விளங்கியது. நாற்பத்தைந்தை முப்பத்துமூன்றில் போட்டால் வார்த்தையும் தெளிவாக விழுகிறது. பாட்டு முடிந்த பிறகு வருகிற அந்தக் கிர்ர் சத்தம் இல்லாவிட்டால் இப்போதெல்லாம் சௌந்தரத்துக்கு என்னவோ போல இருக்கிறதாம். சத்தத்தை நீ விரும்பிய அளவுக்கு வைத்துக்கொள். காலண்டரை வேறு சுவரில் மாட்டிவிட்டோம்.

எல்லா ரெக்கார்டுகளையும் ஒன்றுவிடாமல் போடு. அவசரமே இல்லை.

என்றும் அன்புள்ள,
அன்புமணி


மஞ்சக்குப்பம்
26-4-2011

டேய் அன்புமணி,

இங்கே நாங்கள் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்பது உன் கடிதத்திலேயே தெரிகிறது. உடம்பில் கோளாறு உள்ளவனால் இவ்வளவு சரளமாகப் பொய் சொல்ல முடியாது.

"புதன்கிழமை ஒலிபரப்பு அபாரம். இயேசுவின் பாடுகளின் வாரத்துக்கு ஏற்ற கீர்த்தனைகளாகத் தேர்ந்தெடுத்துப் போட்டாய். மூன்றாவது ரெக்கார்டில் நானும் சௌந்தரமும் அழுதுவிட்டோம்" என்று 21-ஆம் தேதியிட்டு எழுதியிருக்கிறாய். 18-ஆம் தேதி திங்கட்கிழமை எங்கள் தெருவில் பள்ளம் தோண்டி லைன் அறுந்துபோய்விட்டது. அந்த வாரம் முழுக்க ஒலிபரப்பே கிடையாது. அதைச் சொல்ல நான் போட்ட கார்டு உனக்குப் பிந்திக் கிடைத்திருக்கும். பரிசுத்த வாரத்தில், பெரிய வியாழனன்று தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுப் பொய் சொல்லியிருக்கிறாய். அழுதேன் என்று வேறு.

மார்ச் மாதக் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். கிர்ர் சத்தத்தைப் புகழ்கிறவன் நீயா? முப்பத்தெட்டு வருடமாக நான் போட்ட ஒரு ரெக்கார்டையாவது குறை சொல்லாமல் கேட்டிருக்கிறாயா? மங்கலத்தைக் கூப்பிட்டு, "எழுதுனியா?" என்று கேட்டேன். இல்லை என்று மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துச் சொன்னாள். அப்போதே புரிந்துவிட்டது.

ஆமாம். எனக்குக் காது கேட்கவில்லை. பாட்டு ஓடுகிறது என்று கைக்குத்தான் தெரிகிறது. தெரிந்த பாட்டு என்பதால் மிச்சத்தை நானே மனதுக்குள் பாடிக்கொள்கிறேன். அதில் எங்கே சிக்கினாலும் எனக்குச் சிக்குவதில்லை.

கேட்கவில்லை என்பதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஆனால் நீ என்னைத் திட்டாமல் மரியாதையாக எழுதியிருக்கிறாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நான் செத்துப்போய், நீ சர்ச்சில் எழுந்து நின்று என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசுவது போல இருக்கிறது. உனக்குப் பெட்டி வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள். பரிதாபம் வேண்டாம்.

தேவசகாயம்


சிதம்பரம்
3-5-2011

டேய் மச்சான்,

திட்ட வேண்டும், அவ்வளவுதானே. கொட்டாவி விடுகிற நேரத்தில்கூட என்னால் அது முடியும்.

பொய் சொன்னது உண்மை. ரேகா நெல்லிக்குப்பத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. எனக்குக் கம்ப்யூட்டரைத் திறக்கத் தெரியாது. அன்றிலிருந்து நான் எதையுமே கேட்கவில்லை. நீ அங்கே கேட்காமல் போட்டிருக்கிறாய், நான் இங்கே கேட்காமல் பாராட்டியிருக்கிறேன். இந்த ஊர் இரண்டிலும் நம்மைப் போல முட்டாள்கள் கிடையாது.

ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணத்தில் உனக்குக் கர்வம் என்று நினைத்துத்தான் மைக்கை வாங்கினேன். ஆறு தடவை கூப்பிட்ட நான் ஏழாவது தடவை பத்தடி நடந்து வந்து உன் தோளைத் தொட்டிருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை. ஊர் சிரிக்கும் என்று தோன்றியது. அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மன்னித்துவிடு. இதை இதோடு விட்டுவிடுகிறேன், நீயும் விட்டுவிடு.

இனி வியாபாரம் பேசுவோம். மிஷின் மாட்டிக்கொண்டால் மார்க்கெட்டில் சிரிப்பார்கள் என்கிறாயாம். உன் அரைக்கால் சட்டையைப் பார்த்து முப்பது வருடம் சிரித்த ஊர்தானே, அதற்கென்ன புதிதாக? ஜூன் முடிய என் முறைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஒன்று, உன் காதில் மிஷின் ஏற வேண்டும். இல்லையென்றால் பஸ்ஸில் பெட்டி ஏற வேண்டும். இரண்டில் ஒன்று இந்த மாதக் கடைசிக்குள் நடக்காவிட்டால் நான் வந்து உன் வாசலில் உட்காருவேன். சௌந்தரமும் வருவாள். அவள் பேசமாட்டேன் என்று எந்தச் சத்தியமும் செய்யவில்லை என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்.

அன்புமணி


மஞ்சக்குப்பம்
10-6-2011

அன்புமணிக்கு தேவசகாயம் எழுதுவது. இங்கே நாங்கள் இருவர் சுகம், மிஷினோடு சேர்த்து மூவர். ரேகா திரும்பி வந்தாளா?

போன வாரம் மாட்டினார்கள். வலது காதுக்கு மட்டும்தான், இடதுக்குப் பிரயோஜனமில்லை என்று சொல்லிவிட்டார்கள். முதலில் கேட்டது என் செருப்புச் சத்தம். பின்னாலேயே யாரோ வருகிறார்கள் என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். அடுத்து மங்கலம். நான் எது சொன்னாலும் கடைசியில் மெதுவாக ஒரு வார்த்தை முணுமுணுக்கிறாள் என்பது இப்போதுதான் தெரிகிறது. எத்தனை வருடமாக நடக்கிறதோ தெரியவில்லை. அந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக ஒரு ரெக்கார்டைப் போட்டேன். மச்சான், வயலின் பாத்திரம் தேய்க்கிற மாதிரி கேட்டது. நாகஸ்வரம் எதுவென்று, பஸ் ஹாரன் எதுவென்று தெரியவில்லை. வேறு ஒன்று போட்டேன், அதுவும் தகரம்தான். பெட்டியை மூடிவிட்டு உட்கார்ந்து அழுதேன். இவ்வளவு வயதுக்கு மேல் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, அங்கிருக்கிற டாக்டர் பெண் நன்றாக விளக்கினாள். காது திறந்துவிட்டது, மூளைதான் சத்தங்களைத் திரும்பப் பழக வேண்டுமாம். பாட்டைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், முதலில் நன்றாகப் பழகிய ஒரு குரல் தினமும் அரை மணி நேரம் எதையாவது படிக்க வேண்டும், போனிலும் படிக்கலாம் என்றாள். மங்கலத்தைப் படிக்கச் சொன்னேன். தங்கம் விலையைப் படித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறாள். பிரிசில்லா பேசுகிற வேகத்துக்கு என் மூளை இன்னும் தயாராகவில்லை.

எனக்கு நன்றாகப் பழகிய குரல் உன்னுடையதுதான். தினமும் காலை பத்தேகாலுக்குப் போன் போட்டுப் பேப்பர் படி. எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறேன். பதில் பேசமாட்டேன், சத்தியம் இருக்கிறது. கேட்டால் ஒரு தடவை இருமுகிறேன், கேட்காவிட்டால் இரண்டு தடவை.

தேவசகாயம்


சிதம்பரம்
24-6-2011

அன்புள்ள மச்சானுக்கு அன்புமணி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். ரேகா வந்துவிட்டாள். உன் நலம் எனக்கு இன்று காலை பத்து நாற்பதுக்கே தெரிந்துவிட்டது. இருந்தாலும் நடந்ததைப் பதிவு செய்யத்தான் இந்தக் கடிதம். பின்னால் நீ மறுப்பாய்.

முதல் நாலு நாள் நான் எதைப் படித்தாலும் இரண்டு இருமல்தான். மழை வரும் என்று படித்தேன், இரண்டு இருமல். முந்திரிக்கு விலை இறங்கியது, இரண்டு இருமல். யாரோ ஒரு மந்திரி ஏதோ திறந்து வைத்தார், அதற்கும் இரண்டு இருமல். சௌந்தரம் கஷாயம் வைத்து அனுப்பட்டுமா என்று கேட்டாள். அப்புறம் நடுநடுவே ஒற்றை இருமல் வர ஆரம்பித்தது. ஆனால் எனக்குச் சந்தேகம். நீ கேட்டுத்தான் இருமுகிறாயா, என் மனசு நோகக் கூடாது என்று இருமுகிறாயா? மூன்று மாதம் முன்னால் உனக்கு நான் செய்தது அதுதானே. நீயும் அதையே திருப்பிச் செய்கிறவன்தான்.

அதனால் இன்றைக்கு விளையாட்டுப் பக்கத்தை எடுத்தேன். அண்ணாகிராமத்தில் நடந்த கபடிப் போட்டிச் செய்தி. பேப்பரில் இருந்ததை விட்டுவிட்டு, "களத்தில் இறங்கிய எட்டு வீரர்களும் சிறப்பாக ஆடினர்" என்று வேண்டுமென்றே படித்தேன். போனில் ஒரு சத்தமும் இல்லை. இருமலும் இல்லை. சரி, போயிற்று, இத்தனை நாளும் சும்மாதான் இருமியிருக்கிறான் என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த வரிக்குப் போகலாம் என்று வாயைத் திறந்தேன்.

"ஏழு பேருடா கபடிக்கு. எட்டாவது ஆளு யாரு, உங்கப்பனா?"

பதின்மூன்று மாதம் கழித்து வந்த முதல் பேச்சு. சௌந்தரம் பக்கத்திலிருந்தாள், அவள் சாட்சி. நீ உடனே போனை வைத்துவிட்டாய். வைத்த பிறகும் நான் கொஞ்ச நேரம் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கப்பன் உனக்கு மாமனார் என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். சத்தியம் உடைந்ததற்கு நீ வருத்தப்பட வேண்டாம், உங்கள் ஐயரிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஜூலை ஒன்றாம் தேதியிலிருந்து உன் முறை ஆரம்பம். பெட்டிகள் முறைப்படியே அங்கே இருக்கட்டும்.

நாளைக் காலை அதே நேரம் கூப்பிடுகிறேன். வாலிபால் செய்தி ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். அதில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது.

உன் மச்சான்,
அன்புமணி